குளிர்நாட்டு வண்டியும் அதன் வெப்பமும்

மோட்டார் வண்டியின் இயந்திரத்தில் எரியும் பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியோ, அதனினுங் குறைவோதான் வண்டியை ஓட்டுகின்றது. எஞ்சியது வெப்பமாகிப் புகையுடனும், இயந்திரத்தைச் சூழ்ந்தோடும் நீருடனும் வெளியேறிவிடுகின்றது. நம் நாட்டில் அவ்வெப்பம் வேண்டாப் பொருள். அதனை விரைவிற் காற்றொடு கலந்துவிடுதலே ரேடியேட்டரின் தொழில். கனடா நாட்டின் மானிட்டோபா மாகாணத்திலோ அவ்வெப்பமே உயிர்காக்குஞ் செல்வமாகும். அம்மாகாணத்தின் தலைநகராகிய வின்னிபெக்கில் ஜனவரித் திங்களின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் ஏறத்தாழ 16 டிகிரி சென்டிகிரேட். சில இரவுகளில் அது 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். வண்டி நிறுத்துமிடங்களில், இயந்திரம் உறைந்துபோகாவண்ணம் அதனைச் சூடாக்குதற்கு மின்சார இணைப்புக்கள் அமைத்திருப்பது அந்நகரத்தின் இயல்பான காட்சி.

அத்தகைய நாட்டில் பழைய பிக்கப் லாரியொன்றின் ஹீட்டர் மெலிந்துவிடின் நேர்வது உடற்குளிர் மட்டுமன்று. ஓட்டுவோன் விடும் மூச்சின் ஈரம் முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தே படிந்து பனியாக உறைகின்றது. அதனை உருக்குவதும் ஹீட்டரின் வெப்பக் காற்றே. அக்காற்றுக் குன்றின் வழி மறையும்; விரல்கள் மரத்துப்போகும். ஊருக்கும் ஊருக்கும் நெடுந்தொலைவுள்ள சமவெளிச் சாலைகளில் இவை உயிருக்கே ஏதமாவன. ஆயினும், அந்நிலையில் ஹீட்டரே கெட்டதெனத் துணிந்து, புதிதொன்றை வாங்கிப் பொருத்த முற்படுவோர் உளர். நோயின் காரணம் அறியாது மருந்து கொடுப்பதனோடு இஃது ஒக்கும். குற்றம் வேறிடத்தே இருப்பின் பணமும் போம், குளிரும் நீங்காது.

காரணங் காண்டற்கு முதற்கண் ஹீட்டரின் அமைப்பினை அறிதல் வேண்டும். ஹீட்டர் தானாக வெப்பத்தை உண்டாக்குவதன்று. இயந்திரத்தின் வெப்பத்தை இரவல் பெறுவது. இயந்திரத்தைச் சூழ்ந்தோடும் நீரை ஒரு பம்பு சுழலச் செய்கின்றது. தெர்மாஸ்டாட் என்னும் அடைப்பான், நீர் போதிய சூடு அடையும்வரை அதனை ரேடியேட்டருக்குச் செல்லவிடாது தடுக்கின்றது. 1980, 1990 ஆகிய ஆண்டுகளையொட்டி வந்த அமெரிக்க வண்டிகள் பலவற்றில் அது திறக்கும் நிலை ஏறத்தாழ 90 டிகிரி. அந்நீரின் ஒரு கிளை, இரண்டு ரப்பர்க் குழாய்களின் வழியாக, டாஷ்போர்டின் பின்னுள்ள சிறியதோர் உட்கூட்டினுட் சென்று மீளும். ரேடியேட்டரின் சிறு வடிவமே அவ்வுட்கூடு. அதன்மீது விசிறி காற்றை வீசுகின்றது. தண்காற்றும் வெங்காற்றும் எவ்வளவிற் கலத்தல் வேண்டுமென்பதை அங்குள்ள கதவொன்று வரையறுக்கின்றது. நீர், தெர்மாஸ்டாட், குழாய்கள், உட்கூடு, கதவும் விசிறியும் என இங்ஙனம் வெப்பம் ஐந்து இடங்களைக் கடந்து வருகின்றது. இவற்றை வரிசை பிறழாது, ஊற்றுக்கண்ணினின்று வாய்க்காலின் கடைவரை செல்வது போல ஆராய்தலே முறை.

முதலாவது, நீரின் அளவு. இயந்திரம் நன்கு ஆறியபின்னரே ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் வேண்டும். சூடான நிலையில் உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால், திறந்தவுடன் கொதிநீர் முகத்திற் பாயும். பல வண்டிகளில் ஹீட்டரின் வழி மேட்டுப்பாங்கில் அமைந்திருப்பதால், நீர் குறையுங்கால் அவ்விடத்தே காற்றுப் புகுந்து தங்கும். டாஷ்போர்டின் பின்னே களகளவென்னும் ஓசை கேட்டலும், வண்டி விரைந்தோடும்போது சூடும் நிற்கும்போது குளிரும் வருதலும் இதன் அறிகுறிகள். குறைந்த அளவை, எதிலீன் கிளைக்காலும் நீரும் சமபங்காகக் கலந்து நிரப்புக. அக்கலவை பூஜ்யத்திற்குக் கீழ் ஏறத்தாழ 37 டிகிரி வரை உறையாது. வண்டியின் முன்புறத்தைச் சிறிது உயர்த்தி நிறுத்தி, இயந்திரம் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஓடவிடின், சிக்கிய காற்றுக் குமிழிகளாக வெளியேறும். கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சாதலின், சிந்தியதைக் குழந்தைகளும் நாய்களும் அணுகாவண்ணம் உடனே துடைத்தல் வேண்டும்.

நிரப்பியதனோடு கடமை முடிந்ததன்று. குறைந்த நீர் எங்கே சென்றது என்னும் வினாவிற்கு விடை காணல் வேண்டும். வண்டியறையில் இனிப்பு நாற்றமும், கண்ணாடியிற் பிசுக்கும், பயணியின் காலடியில் ஈரமும் இருப்பின் உட்கூடு கசிகின்றதெனக் கொள்ளலாம். புறத்தே எங்கும் கசிவின்றி நீர் குறைந்துகொண்டே வருமாயின், இயந்திரத்தினுள்ளேயே அது எரிந்து போகின்றதோ என ஐயுறல் வேண்டும். கடுங்குளிரில் எல்லா வண்டிகளின் புகையும் வெண்மையாகவே தோன்றுமாதலின், புகையின் நிறத்தைக்கொண்டு முடிவு செய்தல் ஆகாது. நீரின் குறைவே உறுதியான சான்று.

இரண்டாவது, தெர்மாஸ்டாட். அது மூடாது திறந்தே நின்றுவிட்டால், பனிக்காற்று வீசும் ரேடியேட்டருக்கு நீர் இடைவிடாது சென்று, ஒருபோதும் சூடேறாது. ஆறிய இயந்திரத்தை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேற்குழாயைத் தொட்டறிக. தெர்மாஸ்டாட் நன்னிலையில் இருப்பின் அக்குழாய் நெடுநேரம் குளிர்ந்திருந்து, பின்னர் விரைந்து சூடேறும். தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாக வெதும்புமாயின் குற்றம் அதனிடத்ததே. ரேடியேட்டரின்முன் அட்டையை வைத்து மறைப்பது அந்நாட்டாரின் பழைய வழக்கம். அதனாற் சிறிது பயன் உண்டெனினும், குற்றத்தை அது மறைக்குமேயன்றி நீக்காது.

மூன்றாவது, ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு குழாய்கள். இயந்திரம் சூடேறியபின், சுழலும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கை தப்புமாறு, இரண்டினையும் சிறிதே தொட்டறிக. இரண்டும் வெதுவெதுப்பாயின் நீரின் அளவிலோ தெர்மாஸ்டாட்டிலோ குறை. ஒன்று கொதித்து மற்றொன்று குளிர்ந்திருப்பின், உட்கூடு துருவாலும் சேற்றாலும் அடைபட்டது; அல்லது வழியிலுள்ள அடைப்பான் மூடிக்கொண்டது. இரண்டும் கைபொறாச் சூடாயிருந்தும் காற்று மட்டும் குளிர்ந்து வருமாயின், நீரின்மீது பழியில்லை, கதவே குற்றவாளி. விலையுயர்ந்த கருவியொன்றுமின்றி, ஒரு கை இத்தனை செய்தியையும் அறிவித்துவிடுகின்றது.

நான்காவது, உட்கூடு. அடைபட்டதனை உடனே மாற்றவேண்டுவதில்லை. இரண்டு குழாய்களையுங் கழற்றி, நீர் வெளியேறும் வாயின் வழியாகத் தூயநீரை எதிர்ப்போக்கிற் செலுத்தின், துரு கலந்த நீர் வெளிவரும், தெளியும்வரை செலுத்துக. அழுத்தம் மிகின் பழங்கூடு வெடித்துவிடுமாதலின் நீரை மெல்லவே விடல் வேண்டும். இதனாற் பயனில்லையெனின் மாற்றுவதே வழி. 1987 முதல் 1996 வரை வெளிவந்த போர்டு எப்-150 வண்டியில், பயணியின் எதிரேயுள்ள சிறுபெட்டியை அகற்றியே உட்கூட்டினை எட்டலாம். வேறு பல வண்டிகளிலோ டாஷ்போர்டு முழுவதையும் பிரிக்க நேரும். ஆதலின் ஏனைய சோதனைகளை முடிக்குமுன் இதிற் கைவைத்தல் தகாது.

ஐந்தாவது, கதவும் விசிறியும். கதவை இழுக்கும் கம்பி கழன்றிருத்தலும், கதவின் அச்சு முறிந்திருத்தலும் பழைய வண்டிகளில் உண்டு. விசிறி உச்ச வேகத்தில் மட்டும் சுழன்று ஏனைய வேகங்களில் நின்றுவிடின், வேகத்தைக் குறைக்கும் மின்தடை எரிந்துபோயிற்று என்க. காற்றுப் புகும் வாயிற் சருகு அடைந்திருப்பினும் வெப்பம் குன்றும். இவற்றிற்கு ஆகுஞ் செலவு பெரும்பாலும் சிறிதே.

இம்முறையினால் விளையும் பெரும்பயன் ஒன்றுண்டு. நீர் குறைந்த இயந்திரம் ஓடிக்கொண்டேயிருப்பின், அளவுகடந்த சூட்டினால் அதன் தலைப்பாகம் கோணி, வண்டியே பயனற்றுப்போதல் கூடும். வெப்பமானியின் முள் உயருமுன்னரே வண்டியறையின் குளிர் அவ்விடரை அறிவித்துவிடுவதுண்டு. அதனைச் சிறு துன்பமெனப் பொறுத்து, கம்பளியொன்றைப் போர்த்துக்கொண்டு வண்டியை ஓட்டுபவன், அவ்வறிவிப்பைக் கேளாது விடுகின்றான். உழைத்துப் பிழைக்கும் ஒருவனுக்குப் பழைய லாரி வெறும் ஊர்தியன்று. அவன் பிழைப்பிற்குத் துணை. அவனது ஹீட்டரிலிருந்து குளிர்காற்று வருமாயின், அன்று மாலையே இயந்திரம் ஆறியபின், மூடியைத் திறந்து நீரின் அளவைப் பார்த்தல் அவன் செய்யத்தக்க முதற்பணியாகும்.