கடல் கடந்து உருக்கு வாங்குவது எப்படி?

கட்டுமான நிறுவனங்களுக்கு மணலும் செங்கல்லும் அக்கம்பக்கத்தில் கிடைத்துவிடும். பெரிய பாலத்துக்கான உருக்குப் பெட்டிகளையும் தாங்கிகளையும் செய்து தரக்கூடிய ஆலைகள் உலகில் சிலவே. அவற்றிடம் வாங்கப் பழகுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும்.

விலைப்புள்ளி கேட்பது எளிது. ஆலையை நேரில் பார்த்து எடைபோடத் தெரிந்தவர்களை உருவாக்குவதுதான் கடினம். உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றிய உருக்குக்கு ஓர் எண் உண்டு. தகட்டில் குத்தியுள்ள அந்த எண் ஆலைச் சான்றிதழிலும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழில் எழுதியுள்ள கரி அளவும் வலிமையும் வேறேதோ தகட்டுக்கு உரியவை. பற்றவைத்த இடத்தில் பசையைத் தடவி, மீயொலிக் கருவியை மெல்ல நகர்த்தி, உள்ளே மறைந்திருக்கும் விரிசலைத் தேடுவார்கள். பொருள் கப்பலேறுமுன் இதெல்லாம் முடிந்தாக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்த சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாந்து பாலத்தின் கிழக்குப் பகுதியைப் புதிதாகக் கட்டியபோது, கோபுரமும் சாலைத்தளத்தின் உருக்குப் பெட்டிகளும் ஷாங்காயில் உருவாயின. தாங்கிகள் கொரியாவிலிருந்தும், முதன்மை வடத்தைத் தாங்கும் சேணங்கள் ஜப்பானிலிருந்தும் வந்தன. ஷாங்காயில் பற்றவைப்புக் குறைகள் தென்பட்டன. அங்கேயே தங்கியிருந்த ஆய்வாளர்கள் திருத்தச் சொன்னதால் பல மாதம் தாமதமானது. அந்தத் தாமதம் வீண் அல்ல. பாலத்தில் ஏற்றிய பிறகு குறை தெரிந்திருந்தால் திருத்துவது பன்மடங்கு கடினம்.

பணத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும். கடனுறுதிக் கடிதத்தின்படி வங்கி ஆவணங்களைப் பார்த்தே பணம் தரும், பெட்டியைத் திறந்து பார்க்காது. ஆகவே ஆய்வுச் சான்றிதழையும் அந்த ஆவணங்களில் சேர்க்கச் சொல்வது விவரமறிந்த கொள்முதல்காரரின் வழக்கம். சி.ஐ.எஃப். விலையில் கப்பல் கூலியும் காப்பீடும் விற்பவர் செலவு. ஆனாலும் சரக்கு கப்பலில் ஏறியதுமே இழப்பு அபாயம் வாங்குபவரைச் சேர்ந்துவிடும். புதிதாக வாங்குபவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. நாணய மதிப்பு மாறுவதை முன்பேர ஒப்பந்தத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஆலை அருகில் இருந்தாலும் இந்தக் கண்காணிப்பு தளரக்கூடாது. அதே பாலத்துக்கு அமெரிக்காவிலேயே 2008இல் செய்த 96 நங்கூரத் தண்டுகளில் 32, மார்ச் 2013இல் இழுத்து இறுக்கிய சில நாட்களில் முறிந்தன. மிகக் கடினமான உருக்கில் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கச் செய்திருந்தது. தண்டுகள் நின்றிருந்த துளைகளில் ஆண்டுக்கணக்கில் நீர் தேங்கியிருந்தது. தற்காலிக ஏற்பாட்டுடன் செப்டம்பரில் பாலம் திறக்கப்பட்டது. தண்டுகளின் வேலையைச் செய்யும் உருக்குச் சேணம் ஆண்டிறுதியில்தான் பொருத்தி முடிக்கப்பட்டது.