செல்போனுக்கு வந்த நாய்!

ஒரு சிறுவன் நடக்கிறான்.

அவன் பின்னால் ஒரு நாய் நடக்கிறது. குட்டையான கால்கள். சப்பை மூக்கு. சுருங்கிய முகம். சிறுவன் எங்கே திரும்பினாலும் நாயும் திரும்புகிறது.

இவ்வளவுதான் கதை!

2003-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் டெலிவிஷனில் வந்த விளம்பரம் இது. "ஹட்ச்" என்ற செல்போன் கம்பெனி கொடுத்தது. "ஓகில்வி" விளம்பர நிறுவனம் தயாரிக்க, பிரகாஷ் வர்மா படம் பிடித்தார்.

"போகும் இடத்தில் எல்லாம் சிக்னல் கிடைக்குமா?" என்பதே அப்போது எல்லோருடைய கவலை. "நாய் மாதிரி கூடவே வருவோம்" என்று கம்பெனி சொல்லாமல் சொன்னது. படிக்கத் தெரியாதவருக்கும் அது புரிந்தது.

வாங்க ஆசை

அந்த நாயின் பெயர் சீக்கா. "பக்" என்ற இனம். ஜனங்கள் அதற்கு "ஹட்ச் நாய்" என்றே பெயர் வைத்து விட்டார்கள். 2007-ல் ஹட்ச் கம்பெனி, வோடபோன் கைக்குப் போனது. நாயின் பெயரும் "வோடபோன் நாய்" என்று மாறியது!

"அந்த நாய்தான் வேண்டும்" என்று குழந்தைகள் அடம் பிடித்தார்கள். பலர் வாங்கினார்கள். அதன் பிறகுதான் தொல்லை தெரிந்தது.

பக், சீனாவில் அரண்மனைச் செல்லமாக வளர்ந்த இனம். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்ப்பது இல்லை. நாக்கைத் தொங்கப் போட்டு, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பக் நாய்க்கு மூக்கு சப்பை. மூச்சுப் பாதை குறுகல். நம் ஊர் வெயிலில் அது திணறிப் போகிறது. மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து!

வெள்ளை மனிதர்கள்

2009-ல் ஐ.பி.எல். கிரிக்கெட்டின்போது வோடபோன் புது வேடிக்கை காட்டியது. முட்டைத் தலை, மெலிந்த கை கால், வெள்ளை உடம்பு. பெயர் "ஜூஜூ". புரியாத பாஷை பேசும்; சிரிக்க வைக்கும்.

"கம்ப்யூட்டரில் வரைந்த பொம்மை" என்று பலர் நினைத்தார்கள். இல்லை! உள்ளே இருந்தவர்கள் மனிதர்கள்!

தென் ஆப்பிரிக்காவில் கேப்டவுன் நகரில், அதே பிரகாஷ் வர்மா படம் பிடித்தார். மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு வெள்ளை உடை மாட்டி, தலையில் பெரிய கூடு கவிழ்த்தார்கள். சிரிப்பு, அழுகை எல்லாம் அந்தக் கூட்டின் மேல் ஒட்டியவையே! ஆட்கள் சிறிதாகத் தெரிவதற்காக அரங்கப் பொருள்களைப் பெரிதாகச் செய்தார்கள்.

எது மேல்?

நாய், ஜூஜூ இரண்டுமே மக்கள் மனதில் நின்றன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு.

ஜூஜூ, படம் முடிந்ததும் வேஷத்தைக் கழற்றி விடும். நாய் அப்படி அல்ல. பக் நாய் 12 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அத்தனை நாளும் நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், வைத்தியம் வேண்டும். உச்சி வெயிலில் நடக்க வைக்கக் கூடாது.

விளம்பரத்தில் நாய் சிறுவன் பின்னால் போனது. வீட்டுக்கு வந்தால், நாய் பின்னால் நாம்தான் போக வேண்டும். அதற்கு முடியும் என்றால் வாங்கலாம். முடியாது என்றால், டெலிவிஷனில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது!