புது பேட்டரியும் பழைய கோளாறும்

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் நேரே பேட்டரிக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற எனக்கு, அந்தப் பணம் வீணாவதைப் பார்த்தால் மனசு ஆறாது. பேட்டரி கரண்டைச் சேமித்துத்தான் வைக்கும், நிரப்புவது ஆல்டர்னேட்டர். பட்டறையில் இன்றும் அதை டைனமோ என்றே சொல்கிறோம். பெல்ட் அதைச் சுழற்ற, உள்ளே பிறக்கும் ஏசி கரண்டை டயோடுகள் டிசியாக்கும். வோல்டேஜ் எல்லை மீறாமல் ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான். ஸ்டார்ட் செய்தபின் பெரும்பாலான கார்களில் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டி நின்றால் எனக்கு முதல் சந்தேகம் ரெகுலேட்டர் மேல்தான். புது மாடல்களில் கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்றி இறக்கும் என்பதால் ஒரே அளவை வைத்து முடிவுகட்ட முடியாது.

புது பேட்டரி போட்டும் டவுன் ஆகிறது என்று ஒருவர் வந்தார். டைனமோவையும் மாற்றச் சொல்லியிருந்தார்களாம். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுவிட்டு, ஓடும் இன்ஜினில் டைனமோ வாயிலேயே மீட்டர் வைத்தேன்: 14.4. பேட்டரியில் 13.1தான். வழியில் எங்கோ கரண்ட் தடைபடுகிறது. பாசிட்டிவ் பக்கம் டைனமோவிலிருந்து பேட்டரி வரை 0.1தான் இழப்பு, அது சரி. டைனமோ பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 1.2! அங்கே 0.2-க்கு மேல் இருக்கவே கூடாது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றினால், போல்ட்டுக்கு அடியில் ஒரே துரு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் பேட்டரியில் 14.2 வந்துவிட்டது. நல்ல டைனமோ ஒன்று குப்பைக்குப் போகாமல் தப்பியது.

பெல்ட் தளர்ச்சி, டெர்மினலில் பூத்த உப்பு இவற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். சாவி போட்டதும் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லையென்றாலும் கோளாறுதான். சார்ஜ் சரியாக இருந்தும் காலையில் டவுன் என்றால், நிற்கும் காரில் கரண்ட் கசிகிறதா என்று பாருங்கள். எல்லாம் அடங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது.

இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய வண்டிகளில் அது செல்லுபடியானது. இன்றைய காரில் அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி டயோடையும், காரின் கம்ப்யூட்டரான இசியூவையும் எரித்துவிடலாம். யாராவது ஸ்பேனரோடு டெர்மினல் பக்கம் குனிந்தால், முதலில் சாவியை அணைத்துவிடுங்கள்.