உங்களுக்குத் தெரியுமா? மணல் வீடும் மருந்துதான்!

கொடும்பாளூர் மூவர் கோயில் பக்கம் ஒரு பிள்ளை மணலில் வீடு கட்டினால், "சட்டையெல்லாம் அழுக்கு!" என்றுதான் அதட்டுவோம். லண்டனில் 1928-இல் குழந்தைகளுக்கான மனநல சிகிச்சை மையம் தொடங்கிய டாக்டர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் அந்த விளையாட்டையே சிகிச்சையாக்கினார். துத்தநாகத் தகடு பதித்த தட்டு, அதில் மணல், கொஞ்சம் தண்ணீர், பக்கத்தில் குட்டி வீடு, மாடு, மரம், மனித பொம்மைகள். பிள்ளை தன் உலகத்தை அதில் அமைக்கும். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பயமும் கோபமும் அங்கே வெளிவந்துவிடும். இந்தச் சிகிச்சைக்கு வித்திட்டது, ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் தன் மகன்களோடு தரையில் ஆடிய ஆட்டங்களைப் பற்றி 1911-இல் எழுதிய புத்தகம்!

அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் விளையாட்டுச் சிகிச்சைக்கு 1947-இல் சொன்ன விதி: ஆட்டத்தைப் பிள்ளைதான் நடத்த வேண்டும், பெரியவர் பின்தொடர வேண்டும். (நமக்கு இதுதான் கஷ்டம்!)

2004 சுனாமிக்குப் பிறகு, நம் கடற்கரைக் கிராமங்களில் பயந்துபோன பிள்ளைகளைத் தேற்றவும் விளையாட்டும் ஓவியமும் கைகொடுத்தன.

எல்லா விளையாட்டும் சிகிச்சை ஆகிவிடாது. அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென ஒடுங்கிப்போனால், முதலில் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.