உஷார்! ‘எக்ஸாமையும் நாங்களே பாத்துக்கறோம்’ என்று போன் வந்தால்…

வேலைக்கும் போகிறீர்கள். ஊர் ஊராகவும் அலைகிறீர்கள். நடுவில் ஆன்லைனில் ஒரு டிகிரியும் முடித்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? நல்ல எண்ணம்தான். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பாதியில் விடாதீர்கள். முழுசாகப் படியுங்கள்.

நம் காரைக்கால் பூவம் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு நடந்தது இது. பெயர் வேண்டாம். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டிப்ளமோ படித்தவர், மெஷின் சர்வீஸ் வேலை. திங்கட்கிழமை சேலத்தில் இருப்பார், வியாழக்கிழமை நெல்லூரில் இருப்பார். நண்டலாறு பாலம் தாண்டி ஊருக்குள் வருவதெல்லாம் பொங்கலுக்கும் மாங்கனித் திருவிழாவுக்கும்தான். கூடச் சேர்ந்தவன் பி.இ. என்பதால் இன்ஜினியர் ஆகிவிட்டான். இவர் டெக்னீஷியனாகவே நிற்கிறார். அந்த ஆதங்கத்தில் இருந்தபோதுதான் போன் வந்தது.

“சார், ஆன்லைன் பி.டெக். நீங்க டூர்லயே இருங்க. அசைன்மென்ட் நாங்க போட்டுடுவோம். எக்ஸாமையும் நாங்களே பாத்துக்கறோம். ஆதாரும் ஓடிபியும் மட்டும் அனுப்புங்க, போதும்.”

அனுப்பிவிட்டார். ஆதார், மார்க் ஷீட், கையெழுத்து, ஓடிபி, எல்லாவற்றையும்!

சர்டிபிகேட் கூரியரில் வந்தது. பளபளவென்று, ஹாலோகிராம் எல்லாம் ஒட்டி. அதைக் காட்டிப் புது கம்பெனியில் சேர்ந்தார். அவர்கள் சரிபார்ப்புக்கு அனுப்பினார்கள். இப்படி ஒரு மாணவர் எங்கள் பதிவேட்டிலேயே இல்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. புது வேலை போனது. பழைய வேலையை ஏற்கெனவே விட்டாயிற்று. மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை தெரியுமா? அவர் கட்டிக்கொண்டிருந்தது ஃபீஸ் தவணையே இல்லை. அவர் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன்! மொத்தப் பணமும் முதல் மாதமே ஏஜென்ட் கைக்குப் போய்விட்டது. ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ என்று சொன்னதைக் கேட்டு, போனில் வந்த படிவத்தைப் படிக்காமலே ‘சம்மதம்’ என்று தட்டியிருக்கிறார். படிப்பு பொய். கடன் நிஜம். இப்போது சிபில் ஸ்கோரும் கெட்டு, பைக் லோன்கூடக் கிடைக்கவில்லை.

அந்தத் தம்பி ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். விவரமான பிள்ளை. நேரம்தான் இல்லை. நேரமில்லாதவர்களாகப் பார்த்துத்தான் இவர்கள் போன் போடுகிறார்கள். “எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்” என்ற வார்த்தைக்கு மயங்குவது, மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறவர்கள்தானே!

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பி.டெக். என்று ஒன்று கிடையவே கிடையாது. இன்ஜினியரிங் மட்டுமில்லை. மருத்துவம், நர்ஸிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், விவசாயம், ஹோட்டல் மேனேஜ்மென்ட், பிஎச்.டி. எதையும் ஆன்லைனிலோ தபால் வழியிலோ நடத்த யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியும் இந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ., எம்.பி.ஏ. போன்றவை உண்டு. முறையான அனுமதியோடு நடக்கும் அந்தப் பட்டங்கள் நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். அதில் பயம் வேண்டாம்.

“தெரிஞ்ச பல்கலைக்கழகம்தானே, என்ன ஆகிடப் போகுது?” என்கிறீர்களா? 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை விசாரித்துப் பாருங்கள். சேலத்து விநாயகா மிஷன் உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த இன்ஜினியரிங் பட்டங்கள் பற்றிய வழக்கு. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்து, ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் தேறினால்தான் செல்லும் என்றது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து! அந்தப் பட்டத்தால் கிடைத்த பதவி உயர்வும் போச்சு. பத்து, பதினைந்து வருஷம் வேலை பார்த்துக் குடும்பம் குட்டி என்று ஆனவர்கள் அவர்கள். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அவ்வளவு ஏன், நமக்குப் பக்கத்துச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நம் வீடுகளில் அங்கே தபாலில் படிக்காத ஆள் உண்டா? அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கே 2014-15-க்குப் பிறகு அனுமதி இல்லை என்று 2022 மார்ச்சில் யுஜிசி எச்சரிக்கை விட்டது. அப்புறம் பல்கலைக்கழகம் அனுமதி பெற்றது வேறு கதை. பெரிய பெயர் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த வருஷச் சேர்க்கை. மூன்றுக்கும் அனுமதி இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். நீங்களே திறந்து பாருங்கள். போலிப் பல்கலைக்கழகப் பட்டியலையும் யுஜிசி தனியாக வெளியிடுகிறது. நம் புதுச்சேரி திலாஸ்பேட்டை முகவரியில் இருக்கும் ஸ்ரீ போதி அகாடமி பெயரும் அதில் பல வருஷமாக இருக்கிறது. ‘எங்கேயோ வடக்கே நடக்குது’ என்று இருந்துவிடாதீர்கள்.

பூவத்துக்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆன்லைன் படிப்புக்கு மாநில எல்லை கிடையாது. ஆனால் புத்தகம் அனுப்பி, ஸ்டடி சென்டர் வைத்து நடத்தும் தொலைநிலைப் படிப்புக்கு உண்டு. மாநிலப் பல்கலைக்கழகம் எதுவும், அரசோ தனியாரோ, தன் மாநிலத்தைத் தாண்டி ஸ்டடி சென்டர் வைக்கக் கூடாது. தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியில் செல்லுபடியாவது, நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி மாநிலத்தில் செல்லுபடியாகாமல் போகலாம்! வடகிழக்கிலோ ராஜஸ்தானிலோ இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ என்று காரைக்கால் கடைத்தெரு மாடியில் போர்டு தொங்கினால், அந்தப் படியே ஏறாதீர்கள். இக்னோ மாதிரி மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு.

இந்த வார்த்தைகள் காதில் விழுந்தால் போனை வையுங்கள்: “ஒரே வருஷத்துல டிகிரி.” “பழைய தேதி போட்டுத் தர்றோம்.” “ஃபீஸை என் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க.” “இன்னைக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுது.” “வெளிநாட்டு யுனிவர்சிட்டி சர்டிபிகேட், இங்கேயும் செல்லும்.” தனியார் ஆப் கம்பெனியோடு சேர்ந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் நடத்தும் பட்டங்கள் இங்கே செல்லாது என்று யுஜிசி 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

“டெப் ஐடி நாங்களே போட்டுடறோம்” என்பதும் ஆபத்துதான். 2024 முதல், தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சேரும் இந்திய மாணவர் ஒவ்வொருவருக்கும் யுஜிசியின் இந்த அடையாள எண் கட்டாயம். மாணவர்தான் போட வேண்டும். வேறு யார் போனிலிருந்தும் போட விடாதீர்கள். வளைகுடாவில், சிங்கப்பூரில், கப்பலில் வேலை பார்ப்பவர்களே, ஆதாரோடு இணைத்த உங்கள் இந்திய சிம் உயிரோடு இருக்கிறதா? அது செத்துப்போனால் இந்த எண்ணைப் போட ஓடிபி வராது. ஓடிபி வராத அந்த அவசரத்தில்தான் ஏஜென்டிடம் போய் விழுவீர்கள்.

நிஜமான ஆன்லைன் படிப்பும் சும்மா வராது. அகமதிப்பீடு 30 சதவீதம் என்றால், செமஸ்டர் தேர்வு 70 சதவீதம். தேர்வு கண்காணிப்பில் நடக்கும். கேமரா உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு எழுத முடியாது. சேரும்போதே தேர்வு மாதங்களைக் கேட்டு, மேனேஜரிடம் லீவு பேசிவிட்டுச் சேருங்கள். உங்களுக்குப் பதிலாக வேறொருவர் எழுதினால் மாட்டுவது அவர் மட்டுமில்லை. நீங்களும்தான்!

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? வெட்கப்படாதீர்கள், வீட்டில் சொல்லுங்கள். அந்தச் சர்டிபிகேட்டை எந்த வேலைக்கும் கொடுக்காதீர்கள். போலி என்று தெரிந்தே கொடுத்தால் குற்றவாளி நீங்கள். ரசீது, சாட், கால் பதிவு எதையும் அழிக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்து புகார் கொடுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அம்மாக்களே, அப்பாக்களே, பிள்ளை வெளியூரில் இருக்கிறானா? இன்று ராத்திரி போன் பேசும்போது “சாப்பிட்டியா”வோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: “படிப்புக்குன்னு யாருக்காவது ஓடிபி அனுப்பினியா கண்ணு?”