வன்தட்டாக நடிக்கும் கோப்பு

உக்குவளையில் ஒரு வீட்டில் இருப்பது ஒரே கணினி. தகப்பனின் மிளகு, கராம்புக் கணக்கும் அதில்தான், கல்யாணப் படங்களும் அதில்தான், உயர்தர வகுப்பில் படிக்கும் மகனின் பாடங்களும் அதில்தான். வன்தட்டைப் பிரிப்பதும் அழிப்பதும் எப்படி என்று அந்தப் பையன் செய்து பழக வேண்டுமானால், இன்னொரு தட்டுக்கு எங்கே போவான்? மெய்நிகர் இயந்திரம் கைகொடுப்பது இங்கேதான். கணினிக்குள் இன்னொரு கணினி ஓடும். அதன் வன்தட்டு என்பது வெறும் ஒரு கோப்பு.

எண்ணம் பழையது. ஐபிஎம் 1972இல் அறிவித்த விஎம்/370, பெரிய கணினியின் தட்டைக் கூறுபோட்டு ஆளுக்கொரு ‘மினிடிஸ்க்’ கொடுத்தது. இன்று லினக்ஸில் இந்த வேலையைப் பார்ப்பவை, ஃபாப்ரிஸ் பெலார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமுவும், 2007இல் லினக்ஸ் கருவில் சேர்ந்த கேவிஎம்மும். பொத்தான் அழுத்திச் செய்யும் மென்பொருளும் உண்டு. பழைய கணினியில் அது திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். கட்டளை வரி உடனே வேலை செய்யும். ஒருவர் எழுதிய கட்டளையை வாட்ஸ்அப்பில் வாங்கி மற்றவர் அப்படியே ஓட்டவும் முடியும்.

முதல் வேலை தட்டை உண்டாக்குவது. ‘கியூஎமு-இமேஜ் கிரியேட்’ என்ற கட்டளையோடு வடிவம் ‘கியூகவ்2’, கோப்பின் பெயர், அளவு 20 ஜிகாபைட் என்று கொடுத்தால் போதும். பிறகு கோப்பின் அளவைப் பாருங்கள்: 200 கிலோபைட் அளவில்தான் இருக்கும்! உள்ளே ஓடும் இயந்திரம் எழுத எழுதத்தான் கோப்பு வளரும், 64 கிலோபைட் துண்டுகளாக. வசதிதான், ஆனால் கவனம் வேண்டும். இப்படி ஐந்து தட்டுகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அவை எல்லாம் நிரம்பும் நாளில் உண்மைத் தட்டில் இடமில்லாமல் போகலாம்.

அடுத்தது, ‘விர்ஷ்’ நிரலின் ‘அட்டாச்-டிஸ்க்’ கட்டளையால் தட்டை இயந்திரத்தில் மாட்டுவது. பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான். 20 ஜிகாபைட் தட்டை மாட்டியிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் 200 கிலோபைட் தட்டு ஒன்று நிற்கும். காரணம் எளிது. வடிவத்தைச் சொல்லாவிட்டால் ‘ரா’ என்றே, அதாவது உள்ளமைப்பு எதுவும் இல்லாத வெறுந்தட்டு என்றே விர்ஷ் எடுத்துக்கொள்ளும். ‘சப்டிரைவர்’ என்ற இடத்தில் கியூகவ்2 என்று எழுதினால் தீர்ந்தது. ‘கான்ஃபிக்’ என்பதையும் சேர்க்காவிட்டால், இயந்திரத்தை நிறுத்தியதும் தட்டு கழன்றுவிடும்.

மாட்டும் வழியாக ‘விர்ட்டியோ’வைத் தேர்ந்தால் வேகம் கூடும், ஏனெனில் பழைய வன்பொருள் ஒன்றைப் போல நடிக்கும் சுமை அதில் இல்லை. லினக்ஸுக்கு அது இயல்பாகவே தெரியும். விண்டோஸ் நிறுவி மட்டும் தட்டே இல்லை என்று சொல்லும். அதற்குரிய இயக்கியைத் தனியாக ஊட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்தது மேலடுக்குத் தட்டு. நிறுவி முடித்த ஒரு தட்டை அடிப்படையாக வைத்து, அதன்மேல் புதிய கியூகவ்2 கோப்பு ஒன்றை உண்டாக்கலாம். வரைபடத்தின் மேல் வைத்த ட்ரேசிங் தாள் மாதிரி, மாற்றங்கள் மேலே மட்டும் பதியும். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரே அடிப்படையின் மேல் இருபது மாணவருக்கு இருபது மேலடுக்குகள் போடலாம். ஒருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டாலும் அவருடைய மேலடுக்கை நீக்கிப் புதிதாகப் போட்டால் முடிந்தது. ஆனால் அடிப்படைக் கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது. அது மாறினால் இருபதும் கெடும்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீர் சுரங்கம் வழியாக வந்து, உக்குவளை மின்நிலையத்தில் 1976 முதல் சுழலிகளைத் திருப்புகிறது. மின்சாரம் பிறக்கும் ஊர் என்பதற்காக 2022இல் அதை மின்வெட்டு விட்டுவைக்கவில்லை. தட்டின் ‘கேஷ்’ அமைப்பில் ‘அன்சேஃப்’ என்று ஒரு தெரிவு உண்டு. உள்ளிருக்கும் பணிசெயல் முறைமை “எழுதியாயிற்றா?” என்று கேட்டால், எழுதாமலே “ஆயிற்று” என்று பதில் சொல்லும். வேகமாகத்தான் இருக்கும், மின்சாரம் போனால் அத்தனையும் போகும். நிறுவும் நேரத்தில் மட்டும் பரவாயில்லை, கெட்டால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். மற்ற நேரங்களில் ‘ரைட்பேக்’ அல்லது ‘நன்’ நல்லது.

மின்சாரம் திரும்பியதும், இயந்திரத்தைத் தொடங்குமுன் ‘கியூஎமு-இமேஜ் செக்’ ஓட்டிப் பாருங்கள். ‘லீக்’ என்று வந்தால் கொஞ்சம் இடம்தான் வீண். ‘எரர்’ என்று வந்தால், திருத்தத் தொடங்குமுன் அந்தக் கோப்பை வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.