குறியைக் கெடுக்கும் கட்டை!

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாராக்காரர் தோளில் பல்லாண்டு காலம் தொங்கிய துப்பாக்கி "திரி-நாட்-திரி". உத்தரபிரதேச போலீசார் 2020-ம் ஆண்டு குடியரசு தினத்தன்றுதான் இதற்குப் பிரிவு உபசாரம் நடத்தினார்கள்!

வெள்ளைக்காரன் கொண்டு வந்த "லீ-என்பீல்டு" ரகம் இது. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுட வேண்டும். மேற்கு வங்காளம் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் இதைச் செய்தார்கள்.

குழாய் எவ்வளவு நேராக இருந்து என்ன? அதைத் தாங்கும் மரக்கட்டை சரியில்லை என்றால் குறி கோவிந்தா!

இரண்டு துண்டு

பல துப்பாக்கிகளுக்கு ஒரே நீளக் கட்டை. இதற்கு இரண்டு. தோளில் அண்டக் கொடுப்பது பின்கட்டை. குழாயைத் தாங்குவது முன்கட்டை.

பின்கட்டையில் சட்டை மாதிரி அளவு உண்டு. சாதாரண அளவைவிட அரை அங்குலம் நீளமானது ஒன்று, அரை அங்குலம் குட்டை ஒன்று, ஒரு அங்குலம் குட்டை இன்னொன்று.

மரத்தில் வால்நட்தான் முதல் தரம். யுத்த காலத்தில் அது போதாமல் பீச் மரத்திலும் செய்தார்கள். எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பிறகு முறுக்கிக்கொண்டு குழாயை ஒரு பக்கம் தள்ளிவிடும். நார் ஓட்டம் நீளவாக்கில் போக வேண்டும். குறுக்கே ஓடினால் கைப்பிடி இடத்தில் பொட்டென்று ஒடியும்.

கரி காட்டும் மேடு

மரத்தில் இரும்பை உட்கார வைப்பதுதான் ஆசாரிக்குப் பரீட்சை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் பூசுவார்கள். மரத்தில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். கரி ஒட்டிய இடமெல்லாம் மேடு. அதை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். பொறுமை இல்லாதவர் ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தால் போச்சு. சுரண்டிய மரம் திரும்பி வருமா?

முன்கட்டையின் பின்முனையில் வலது, இடது என்று இரண்டு சிறு முகங்கள். சுடும்போது விழும் உதையை வாங்குவது இவைதான். இரண்டும் ஒரே சமயத்தில் இரும்பைத் தொட வேண்டும். ஒன்று மட்டும் தொட்டால் உதை முழுவதும் அதன் தலையில்தான். குறி அலையும், நாளடைவில் மரமே பிளந்துவிடும். இதற்குப் பயந்தே இச்சாப்பூர் துப்பாக்கிகள் பலவற்றில் முன்கட்டையின் குறுக்கே ஒரு ஸ்க்ரூ முடுக்கியிருப்பார்கள். இன்றும் இச்சாப்பூர் சரக்கை அடையாளம் காட்டுவது அந்த ஸ்க்ரூதான்.

அவசரம் ஆகாது

கழற்றுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. பின்கட்டைக்குள் ஓடும் நீளத் திருகாணியின் முனை, முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் கோத்திருக்கும். எனவே முன்கட்டையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். தெரியாதவர் பின்கட்டையில் கை வைத்துத் திருகினால் "படார்"! பல நாள் வேலை ஒரே திருகில் பாழ்.

எல்லாம் முடிந்ததும் உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெயைக் கையாலேயே தேய்ப்பார்கள். சிப்பாய்களும் இதைத்தான் தேய்த்தார்கள். மரத்தில் ஈரம் இறங்காது.

ஆனால் வீட்டுத் திண்ணையில் உளியோடு உட்கார்ந்துவிட முடியாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்வதற்கும் ரிப்பேர் தொழில் நடத்துவதற்கும் லைசென்ஸ் வேண்டும். கையில் அது இல்லாவிட்டால் கேஸ்தான்.